தகர டப்பா கிடாரும் ஒரு தேசத்தின் குரலும்

காங்கோ என்றாலே நமக்கு அடர்ந்த காடும் பெரிய ஆறும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த நாட்டுக்கு ரும்பா என்ற அருமையான இசையும் உண்டு. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஃபிராங்கோ. முழுப்பெயர் பிரான்சுவா லுவாம்போ மக்கியாடி.

1938 ஜூலை 6-ல் சோனா பாட்டா என்ற ஊரில் பிறந்தார். அப்போது காங்கோ பெல்ஜியத்தின் பிடியில் இருந்தது. அப்பா ரயில்வே தொழிலாளி. ஃபிராங்கோ சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா தலைநகரின் சந்தையில் நம்ம ஊர் போண்டா மாதிரி ஒரு பலகாரம் சுட்டு விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

கிடார் வாங்கக் காசு ஏது? தகர டப்பாவில், உரித்த மின்கம்பிகளைக் கட்டித் தானே ஒன்று செய்துகொண்டார். அதை அம்மாவின் கடை முன்னால் வாசிப்பார். கூட்டம் கூடும், பலகாரமும் விற்கும்! 15 வயதில் இசைத்தட்டுக்கு வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

1956 ஜூனில் நண்பர்களோடு சேர்ந்து ஓகே ஜாஸ் என்ற குழுவைத் தொடங்கினார். அப்போது வயது 17தான். கியூபா நாட்டு ரும்பா இசைத்தட்டு வழியாகக் காங்கோவுக்கு வந்தது. அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளம் அதில் ஏற்கெனவே கலந்திருந்தது. யோசிச்சுப் பாருங்க, கடல் தாண்டிப் போன தாளம் வீடு திரும்பிய மாதிரி! குழுவினர் அதை லிங்காலா மொழியில் பாடி, கிடாரை முன்னால் கொண்டுவந்து, தங்கள் சொந்த இசையாக்கினார்கள். பின்னாளில் குழுவில் 30 பேருக்கு மேல் இருந்தார்கள்.

அவர் வாழ்க்கையில் எல்லாமே பாராட்டும்படி இருந்தது என்று சொல்ல முடியாது. சர்வாதிகாரி மொபுட்டுவைப் புகழ்ந்து பாடினார். அதே ஆட்சி 1978-ல், பாட்டு ஆபாசம் என்று அவரைச் சிறையில் போட்டது. 1985-ல் வந்த 'மரியோ' பாட்டில், படித்தும் உழைக்காமல் ஒரு பெண்ணின் காசில் வாழும் இளைஞனைச் சாடினார். அது பெரிய வெற்றி.

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் 1987-ல்தான். எய்ட்ஸ் பற்றி வாய் திறக்கவே எல்லோரும் கூச்சப்பட்ட காலம் அது. மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள், மருத்துவர்கள் என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எச்சரித்து ஒரு நீண்ட பாட்டுப் பாடினார். ஆட வைத்தே பழகிய குரல், அன்றைக்கு உயிரைக் காக்கப் பாடியது.

1989 அக்டோபர் 12-ல் பெல்ஜியத்தில் காலமானார். வயது 51. நாடே நான்கு நாள் துக்கம் கடைப்பிடித்தது. 2021-ல் காங்கோ ரும்பாவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

நண்பர்களே, நல்ல கருவி கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பேசத் தயங்கும் விஷயத்தைப் பேசவும் பின்வாங்கவில்லை. இந்த இரண்டையும் நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாமே!