பகைவனுக்கும் காயம் கட்டிய கைகள்



யுத்தம் என்றதும் துப்பாக்கி பிடித்த ஆண்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். சத்தமில்லாமல் உயிரைக் கொடுத்த பெண்களைச் சரித்திரம் ஓரத்தில் எழுதிவிட்டுப் போய்விடுகிறது. பேர் தெரிந்தும், செய்த வேலை முழுதாகத் தெரியாமல் போன ஒருவர் எடித் கேவெல் அம்மையார்.

1865 டிசம்பர் 4-ம் தேதி இங்கிலாந்தில், நார்விச் பக்கத்து ஸ்வார்டஸ்டன் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர் ஆலயத்தின் குருவானவர். அவர் வியாதிப்பட்டபோது மகள்தான் கூட இருந்து பணிவிடை செய்தாள். பிறகு முப்பது வயதில் லண்டன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1907-ல் பெல்ஜியம் தேசத்துப் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு நர்ஸ் பள்ளிக்குத் தலைவியானார்.

1914 ஆகஸ்டில் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது தாயாரைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தார். அங்கேயே இருந்துவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனாலும் திரும்பிப் போனார். அந்த மாதம் 20-ம் தேதி ஜெர்மன் படை பிரஸ்ஸல்ஸுக்குள் நுழைந்தது. காயப்பட்டு வந்த ஜெர்மன் வீரர்களையும் அவர் ஒதுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே கவனிப்புதான்.

நவம்பரில் இரண்டு பிரிட்டிஷ் வீரர்கள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். படையை விட்டுப் பிரிந்து ஒளிந்து திரிந்தவர்கள். உள்ளே சேர்த்தால் தனக்கும் ஆபத்து என்று தெரிந்தும் கதவைத் திறந்தார். அது முதல் ஏறக்குறைய 200 வீரர்கள் அவர் கை வழியாக, யுத்தத்தில் சேராத ஹாலந்து தேசத்துக்குத் தப்பிப் போனார்கள்.

இதை அவர் தனியாகச் செய்யவில்லை. லூயிஸ் தூலியே என்ற பள்ளி ஆசிரியை மறைந்திருந்த வீரர்களைத் தேடிக் கூட்டிவந்தார். மரீ டி குரோய் என்ற சீமாட்டி தன் மாளிகையில் இடம் கொடுத்தார். இவங்க பேரை நமக்கு யார் சொன்னாங்க?

இன்னொரு காரியமும் மறைந்தே கிடந்தது. இந்தக் குழுவினர் எதிரிப் படையைப் பற்றிய ரகசியச் செய்திகளைத் துணியில் எழுதி உடையில் தைத்தும், ஷூவுக்குள் மறைத்தும் அனுப்பியிருக்கிறார்கள். நூறு வருஷம் கழித்து 2015-ல்தான், பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தலைவியாக இருந்த ஸ்டெல்லா ரிமிங்டன் ஆதாரத்தோடு இதை வெளியே சொன்னார்.

1915 ஆகஸ்ட் 5-ம் தேதி எடித் கைதானார். மற்றவர்களை ஒளித்துவைத்தவர், தன்னை ஒளிக்கவில்லை. செய்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்த வாக்குமூலமே அவருக்கு எதிராக நின்றது. பத்து வாரம் சிறை. மரண தண்டனை என்று தீர்ப்பானது. அமெரிக்க, ஸ்பெயின் தூதரகத்தார் ஓடிப்போய் மன்றாடியும் பலனில்லை.

கடைசி ராத்திரி, காஹன் என்ற போதகர் சிறைக்குள் வந்து திருவிருந்து கொடுத்தார். தேசத்தின்மேல் பற்று இருந்தால் மட்டும் போதாது, யார்மேலும் வெறுப்போ கசப்போ தனக்கு இருக்கக்கூடாது என்று அம்மையார் அவரிடம் சொன்னார். 1915 அக்டோபர் 12 காலையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 49. பிலிப் போக் என்பவரும் கூடவே சுடப்பட்டார். தூலியேவுக்கும் மரண தண்டனைதான். அது பிறகு குறைக்கப்பட்டு உயிர் தப்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்க. பிரிட்டனில் அவர் படத்தைப் போஸ்டரில் அச்சடித்துப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார்கள். வெறுப்பு வேண்டாம் என்று சொல்லிப்போனவரின் பேரைச் சொல்லியே வெறுப்பை மூட்டினார்கள்!

தேவ ஜனமே, தியாகிக்குச் சிலை வைப்பது லேசு. அவர் விட்டுப்போன வார்த்தைப்படி நடப்பதுதான் கஷ்டம். நமக்குத் தீங்கு செய்தவன் காயத்தோடு நம் வாசலில் வந்து நின்றால் நாம் கதவைத் திறப்போமா? இன்று ராத்திரி முழங்காலில் நிற்கும்போது, அப்படிப்பட்ட ஒருவருடைய பேரைச் சொல்லி ஜெபிப்போம். கர்த்தர் தாமே நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.