வயிற்றுக்கா, எலும்புக்கா?

மங்கோலியா நாட்டில் கோபி என்று ஒரு பாலைவனம். பகலில் அனல் காற்று. இரவில் நடுக்கும் குளிர். 1923-ம் ஆண்டு அங்கே கூடாரம் அடித்திருந்த ஒரு கூட்டத்தாருக்கு விசித்திரமான சிக்கல் வந்தது. கையில் கொஞ்சம் மாவுதான் மிச்சம். அதில் ரொட்டி சுடுவதா? மண்ணில் கிடக்கும் எலும்புக்குப் பூசுவதா?

அந்தக் கூட்டத்தின் தலைவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ்.

தரை துடைத்த பட்டதாரி

ஆண்ட்ரூஸ் 1884-ல் அமெரிக்காவில் பிறந்தார். கல்லூரிப் படிப்பு முடிந்ததும், 1906-ல் நியூயார்க் நகரின் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சி சாலையில் வேலை கேட்டார். இடம் காலி இல்லை என்று கையை விரித்தார்கள். தரை துடைக்கும் வேலையாவது கொடுங்கள் என்றார். அதுவே கிடைத்தது.

1922-ல் அதே சாலை அவரைத் தலைவராக்கி கோபிக்கு அனுப்பியது. மனிதனின் ஆதி முன்னோர் ஆசியாவில் தோன்றினர் என்று அந்நாளில் சில அறிஞர்கள் நம்பினார்கள். அந்த எலும்பைத் தேடியே பயணம்.

பெட்ரோலும் உணவும் சுமந்து 75 ஒட்டகங்கள் முன்னே சென்றன. ஆராய்ச்சியாளர்கள் மோட்டாரில் பின்னே போனார்கள். ஒட்டகம் வந்து சேராவிட்டால் மோட்டாரும் ஓடாது, அடுப்பும் எரியாது!

முட்டை கிடைத்தது

எலும்பு தோண்டுவது புதையல் தோண்டுவது போல அல்ல. நாள் முழுவதும் மண்டியிட்டு, சிறிய தூரிகையால் மண்ணைத் தட்டவேண்டும். பிறகு மெல்லிய காகிதத்தைக் கோந்தில் ஒட்டவேண்டும். அதன்மேல் மாவுப் பசையில் நனைத்த சாக்குத் துணியைச் சுற்றவேண்டும். முறிந்த கைக்குக் கட்டுப் போடுவது போலத்தான். காய்ந்த பிறகே தூக்கலாம்.

ஆண்ட்ரூசுக்கு அந்தப் பொறுமை இல்லை. சிறு தூரிகை எடுக்கவேண்டிய இடத்தில் கடப்பாறை எடுப்பார்! ஆகவே தோண்டும் வேலை வால்டர் கிரேஞ்சர் என்ற அறிஞரிடம் இருந்தது. கூட்டத்தாருக்குச் சோறு, தண்ணீர், பாதுகாப்பு தேடுவது ஆண்ட்ரூசின் பொறுப்பு.

1923 ஜூலையில், செந்நிற மலைச்சரிவு ஒன்றில், ஓல்சன் என்பவர் முட்டைகளைக் கண்டார். முதலில் யாரும் நம்பவில்லை. போய்ப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். அவை டைனோசர் முட்டைகள்!

முட்டைகளும் மண்டை ஓடுகளும் குவிந்தன. கட்டுப் போட்டுப் போட்டு மாவு கரைந்தது. ஆண்ட்ரூஸ் எல்லோரையும் கூட்டிக் கேட்டார். உணவு தேடித் தரவேண்டியவரே இப்படிக் கேட்கிறாரே என்று யாரும் முணுமுணுக்கவில்லை. மாவு எலும்புக்கே என்று ஒருமுகமாகச் சொன்னார்கள். சாக்கு தீர்ந்ததும் கூடாரத் துணியைக் கிழித்தார்கள். துண்டுகளும் போயின.

கூடாரத்தில் பாம்பு

1925-ல் இன்னொரு சோதனை. குளிர் தாங்காத விரியன் பாம்புகள் ஒரு நாள் இரவு கூடாரத்துக்குள் புகுந்தன. படுக்கையிலும் பாம்பு, செருப்பிலும் பாம்பு! 47 பாம்புகளை அடித்தார்கள். பாம்பென்றால் நடுங்கும் ஆண்ட்ரூஸ், காலில் மெத்தென்று ஏதோ படவே அலறினார். பார்த்தால், கயிற்றுச் சுருள்!

திருட்டுப் பட்டம் நீங்கியது

தேடிப் போன ஆதி மனிதனின் எலும்பு கடைசிவரை கிடைக்கவில்லை. 1930-ஓடு பயணங்கள் நின்றன. தரை துடைத்த சாலைக்கே ஆண்ட்ரூஸ் பின்னர் தலைவரானார். 1960-ல் காலமானார்.

அவர்கள் கண்ட முட்டைகளின் மேல் வேறொரு டைனோசரின் எலும்பும் கிடந்தது. முட்டை திருட வந்தது என்று எண்ணி, அறிஞர்கள் 1924-ல் அதற்குத் திருட்டுப் பட்டமே சூட்டினார்கள். 1993-ல் கோபியில் அதேவகை முட்டை ஒன்று கிடைத்தது. உள்ளே இருந்தது அந்தத் 'திருடன்' குடும்பத்துக் குஞ்சு! திருட வந்ததல்ல, தன் முட்டையோடு கிடந்த பெற்ற உயிர் என்று உலகம் அறிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முட்டைகள் உடையாமல் இருந்தன. காரணம், அன்று பசியைப் பொறுத்துக்கொண்டு பூசிய மாவுதான்!