ஆடிக்கூழின் பக்குவத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சென்ற நவாலியூர்ப் புலவர்

ஆடி முதலாம் நாள் யாழ்ப்பாணத்து வீடுகளில் கூழ் காய்ச்சுவார்கள். ஜூலை நடுப்பகுதியில் வரும் அந்த நாளில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உள்ள எம்மவர் குசினிகளிலும் பனங்கட்டி மணக்கும். கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டால், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சமையற் புத்தகம் அல்ல, சின்ன வகுப்பில் பாடமாக்கிய ஆடிப்பிறப்புப் பாட்டுத்தான். அதை எழுதியவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர்.

1878ஆம் ஆண்டு மே மாதம் மானிப்பாய்க்கு அருகிலுள்ள நவாலியில், கதிர்காமருக்கும் இலக்குமிப்பிள்ளைக்கும் மகனாகப் பிறந்தார். வயலும் பனங்கூடலும் சூழ்ந்த ஊர் அது. வட்டுக்கோட்டையில் இந்து ஆங்கிலப் பாடசாலையில் தமிழ் ஆசிரியரானார். அமெரிக்க மிசனரிமார் 1823இல் செமினரி தொடங்கிய ஊர் வட்டுக்கோட்டை. ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்று பெற்றோர் நம்பிய காலத்தில், அந்த ஊரிலேயே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தார்.

கோயில்கள் மீது பதிகமும் கலம்பகமும் பாடியவர். 'உயிரிளங்குமரன்' என்ற நாடகம் எழுதியவர். பனையின் பெருமையைச் சொல்லும் 'தால விலாசம்', நாட்டின் செழிப்பைச் சொல்லும் 'இலங்கை வளம்' ஆகியவையும் அவருடையவை. மரபிலக்கணம் தெரிந்த புலவர்களுக்கு எழுதத் தெரிந்த அவர், வகுப்பில் இருந்த சிறுவர்களுக்காகவும் எழுதினார். கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியும் சேவலும் எலியும் அவருடைய பாட்டுக்குப் பொருளாயின. அந்தப் பாட்டுகள்தாம் அவரைத் 'தங்கத் தாத்தா' ஆக்கின.

ஆடிப்பிறப்புப் பாட்டு, நாளை பள்ளி விடுமுறை என்ற குதூகலத்தோடு தொடங்குகிறது. பின்னர் அது நேராகக் குசினிக்குள் போகிறது. முதலில் பயறு வறுபட்டுக் கோது நீங்குகிறது. சிவப்புப் பச்சையரிசி இடிபட்டு மாவாகி, பதம் பார்த்து வறுபடுகிறது. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் பருப்பும் சேர்ந்து கொழுக்கட்டையின் உள்ளீடு தயாராகிறது. குழைத்த மாவைக் கிள்ளித் தட்டி, உள்ளீட்டை வைத்து மூடி அவிக்கிறாள் தாய். அடுத்தது கூழ். தேங்காய்ப்பால், பனங்கட்டி, மாவுருண்டை, பயறு, கரைத்த மா, துழாவும் அகப்பை. விளக்கேற்றிப் படைத்த பிறகு, பிள்ளைகள் ஓடிப் பொறுக்கி வந்த பலாவிலையைக் கோலிக்கொண்டு இருக்க, தாய் கூழை வார்க்கிறாள்.

எது முதலில், எது பிறகு என்ற ஒழுங்கு அந்தப் பாட்டில் எங்கும் பிசகவில்லை. குசினி வாசலில் இருந்து கவனமாகப் பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுதமுடியும். சர்க்கரைக்கு வேலூரின் பெயரைச் சொல்கிறார். கடல் கடந்து வந்த சரக்கும் பனையிலிருந்து வந்த பனங்கட்டியும் ஒரே நாளின் சமையலில் சேர்ந்திருந்த காலம் அந்த ஒரு சொல்லில் தெரிகிறது. பெண்கள் தாய்க்குப் பின் மகளாகக் கைப்பழக்கத்தில் காத்துவந்த பக்குவத்தை அவர் ஆண்பிள்ளைகளின் வாயிலும் வைத்தார். அடுப்படிக்குப் போகாதவனுக்கும் கூழின் வரிசை மனப்பாடமானது.

புலவர் 1953 ஜூலை 10ஆம் திகதி, ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் காலமானார். அவருடைய மகன் இளமுருகனாரும் தமிழறிஞராக விளங்கினார்.

புலவர் மறைந்து நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், அதே ஜூலையில் நவாலியின் பெயரை உலகம் வேறு காரணத்துக்காகக் கேட்டது. 1995 ஜூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. நூறுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. அம்மியும் உரலும் பித்தளைப் பானையும் வீடுகளில் கிடந்தன. வாயில் இருந்த பாட்டை மட்டும் யாரும் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பாட்டில் ஒன்று இல்லை: அளவு. எத்தனை சுண்டு மா, எவ்வளவு பனங்கட்டி என்று புலவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. பாடும் பிள்ளைக்குப் பக்கத்தில் தாய் இருந்தாள், அளவு அவள் கையில் இருந்தது. இன்று பாட்டுத் தெரிந்த பலருக்குப் பக்கத்தில் அந்தக் கை இல்லை.

அவர்களுக்காக, ஐந்தாறு பேருக்குப் போதுமான ஓர் அளவு இது. அரைக் கப் பயற்றம்பருப்பை வாசம் வர வறுத்து, எட்டுக் கப் தண்ணீரில் அவியவிடுங்கள். வறுத்த அரிசிமா ஒன்றரைக் கப் எடுத்து, பாதியைச் சிறிது உப்பும் கொதிநீரும் விட்டுக் குழைத்துச் சிறு உருண்டைகளாக்குங்கள். பருப்பு வெந்ததும் அரைக் கப் தேங்காய்ச் சொட்டையும் உருண்டைகளையும் கொதிக்கும் நீரில் போடுங்கள். உருண்டைகள் வெந்து மிதக்கும்வரை அகப்பை போடவேண்டாம், போட்டால் கரைந்துவிடும். பிறகு 300 கிராம் பனங்கட்டியைக் கரைத்து வடித்து ஊற்றுங்கள். மீதி மாவைத் தேங்காயின் இரண்டாம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து வார்த்து, அடிப்பிடிக்காமல் துழாவுங்கள். கடைசியாக முதற்பாலும் ஏலம், மிளகு, சீரகத் தூளும் சேர்த்து ஒரு கொதியில் இறக்கிவிடுங்கள். ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தண்ணிப் பதத்தில் இறக்குவது நல்லது.

இந்த அளவு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஒரு வீட்டில் மிளகு தூக்கலாக இருக்கும், இன்னொரு வீட்டில் சேர்க்கவே மாட்டார்கள். உங்கள் வீட்டு அளவு அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ தெரியும். வரும் ஆடிப்பிறப்பில் அவர்கள் கூழ் காய்ச்சும்போது பக்கத்தில் நின்று, அவர்கள் கையால் அள்ளிப் போடுவதைக் கப்பில் அளந்து எழுதிவையுங்கள். மற்றதெல்லாம் புலவர் எழுதிவிட்டார்.