மெர்க்கேட்டர்

உருண்டையான உலகைத் தட்டையான தாளில் வரைந்து காட்டுவது எளிதன்று. ஆரஞ்சுப் பழத்தோலை மேசைமீது தட்டையாகப் பரப்ப முயன்றால் அது கிழியும். அவ்வாறே, உலகப் படத்தில் திசை, பரப்பு, தொலைவு ஆகிய யாவும் ஒருங்கே பிழையின்றி அமைதல் இயலாது. இவ்விடர்ப்பாட்டுக்கு நடுவே கடலோடிகளுக்கு வழிகண்டவர் கெரார்டஸ் மெர்க்கேட்டர்.

இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ரூபெல்மாண்டே என்னும் சிற்றூரில் 1512 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைக்கும் எளிய தொழிலாளர். மெர்க்கேட்டர் லூவேன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். கெம்மா பிரீசியஸ் என்னும் அறிஞரிடம் கணிதமும் வானநூலும் கற்றார். செம்புத் தகட்டில் படம் பொறிப்பதிலும் உலக உருண்டை செய்வதிலும் கைதேர்ந்தார். 1544 இல், சமயக் கொள்கையில் மாறுபட்டவர் என்னும் ஐயத்தால் சிறைப்பட்டு, ஏறக்குறைய ஏழு திங்கள் துன்புற்றார். 1552 இல் ஜெர்மனியிலுள்ள டூயிஸ்பர்க் நகரில் குடியேறினார்.

அக்கால மாலுமிகள் திசைகாட்டியை நம்பி ஒரே திசையில் கலம் செலுத்தினர். அவ்வழியோ படத்தில் நேர்கோடாக அமையவில்லை. 1569 இல் மெர்க்கேட்டர் 18 தாள்களில் ஓர் உலகப் படம் வெளியிட்டார். துருவத்தில் கூடும் தீர்க்க ரேகைகளை அதில் இணைகோடுகளாக வரைந்தார். அதனால் நிலங்கள் கிழக்கு மேற்காக விரிந்தன. அதற்கு ஈடாக வடக்கு தெற்காகவும் அவற்றை விரித்தார். திசை காக்கப்பட்டது, கலம் செல்லும் வழி நேர்கோடாயிற்று. ஆயினும் பரப்பு பிழைபட்டது. ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. அப்படத்திலோ இரண்டும் ஒத்த அளவினபோல் தோன்றும்.

1594 இல் மெர்க்கேட்டர் மறைந்தார். அவருடைய படத்தொகுதி மறு ஆண்டு 'அட்லஸ்' என்னும் பெயருடன் வெளிவந்தது. அப்பெயரே இன்று படத்தொகுதிகள் அனைத்திற்கும் வழங்குகின்றது.

உலகைத் தாளில் அமைக்கும் இத்தகைய முறையைக் கோட்டுச்சட்டம் என்பர். இன்று இணையத்தில் காணும் நிலப்படங்கள் பலவும் மெர்க்கேட்டர் முறையைச் சிறிது மாற்றியே அமைந்துள்ளன. வேறொரு கோட்டுச்சட்டத்தில் வரைந்த படத்தை மாற்றாமல் அவற்றின்மேல் பொருத்தினால், கரையிலுள்ள சாலை ஆற்றுக்குள் சென்றுவிடும். இரண்டையும் ஒரே கோட்டுச்சட்டத்திற்குக் கொணர்ந்த பின்னரே ஒன்றின்மேல் ஒன்றை வைத்தல் வேண்டும்.

எந்தப் படமும் ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடுகின்றது. மெர்க்கேட்டர் திசையைக் காத்தார், பரப்பைக் கைவிட்டார். அதனை அறிந்து கையாள்வோர்க்கு அவர் படம் வழிகாட்டும். அறியாதார்க்கு அதுவே மயக்கம் தரும்.