காற்றுக்கு வழி விட்டவர்

சித்திரை வெயிலில், உச்சி வேளையில் திருச்சி புத்தூர் நால்ரோட்டில் நின்றிருக்கிறீர்களா? வீட்டுக்குள் நுழைந்ததும் கை முதலில் மின்விசிறி சுவிட்சுக்குத்தானே போகும்! ஆனால், காற்றையே உள்ளே வரவழைக்கும் ஒரு கட்டடம் நம்மிடமிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில், புதுச்சேரியில் இருக்கிறது. அதன் பெயர் 'கோல்கொண்டே'. அதை வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட்.

இன்றைய செக் குடியரசில் உள்ள கிளாட்னோ என்ற ஊரில், 1888-ஆம் ஆண்டு பிறந்தார் ரேமண்ட். பிராக் நகரில் கட்டடக்கலை படித்தார். 1910-இல் அமெரிக்கா சென்றார். அங்கே ஓவியரான நோயமியை மணந்தார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டும் பணிக்காக, 1919-இல் ரைட்டுடன் ஜப்பான் போனார்.

பிறகு அங்கேயே சொந்த அலுவலகம் தொடங்கினார். ஆனால் ஒரு சிக்கல்! எதை வரைந்தாலும் குருவின் சாயலே வந்து நின்றது. தனக்கென ஒரு வழி வேண்டுமே என்று தவித்தார். வழி காட்டியவை ஜப்பானிய கிராமத்து மர வீடுகள். நகரும் கதவுகள், தேவையற்ற அலங்காரம் இல்லாத அறைகள், வீட்டோடு ஒட்டிய தோட்டம்! அந்த எளிமையைக் கான்கிரீட்டில் கொண்டு வந்தார்.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அரவிந்தர் ஆசிரமவாசிகள் தங்க ஒரு விடுதி கட்டித் தர ரேமண்டை அழைத்தார்கள். ஹைதராபாத் நிஜாமிடமிருந்து நன்கொடை கிடைத்தது. அதனால்தான் கோல்கொண்டாவின் நினைவாக இந்தப் பெயர்!

1938-இல் ரேமண்ட் குடும்பத்தோடு வந்து தங்கினார். வடக்கிலும் தெற்கிலும் வழக்கமான சுவருக்குப் பதிலாக, திருப்பி மூடக்கூடிய பலகைகளை வரிசையாகப் பொருத்தினார். திறந்தால் காற்று வரும். மூடினால் வெயிலும் மழையும் வராது. அறைக் கதவுகளும் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்கள்தான். கூரையை இரண்டு அடுக்காக அமைத்து, நடுவே காற்றோட்டம் விட்டார். ஆசிரமவாசிகளே வேலை செய்தார்கள். பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடிகள் செய்தார்கள். ரேமண்ட் கிளம்பிய பிறகு அவரது உதவியாளர்கள் நகாஷிமாவும் சம்மரும் பணியைத் தொடர்ந்தனர்.

இதற்கிடையே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1943-இல் அமெரிக்க ராணுவம் ரேமண்டிடம் ஒரு வேலை கொடுத்தது. தீக்குண்டுகளைப் போட்டுச் சோதித்துப் பார்க்க, அசல் போலவே ஜப்பானிய வீடுகள் வேண்டுமாம்! தான் நேசித்த வீடுகளையே எரிப்பதற்காக வடிவமைத்துத் தந்தார் அவர். போர் சீக்கிரம் முடியட்டும் என்று எண்ணினார். ஆனாலும் அது அவருக்கு எளிதாக இல்லை. 1945 மார்ச்சில் டோக்கியோ தீக்குண்டுகளால் எரிந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டனர்.

1948-இல் மீண்டும் ஜப்பான் சென்றார் ரேமண்ட். சாம்பலாகிக் கிடந்த நாட்டில் மறுபடி கட்டத் தொடங்கினார். தகசாகி நகர மக்கள் நன்கொடை சேர்க்க, 1961-இல் அங்கே அவர் கட்டிய இசை அரங்கம் புகழ்பெற்றது. 1976-இல் அமெரிக்காவில் காலமானார்.

கற்ற கலை காக்கவும் உதவும், அழிக்கவும் உதவும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. புதுச்சேரிக்குப் போனால் கோல்கொண்டேயை வெளியிலிருந்தாவது பாருங்கள். அப்படியே உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் காற்று வருகிறது, அந்த ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்களேன்!