அத்தியட்சர் சாமுவேல் குரௌதர்

ஒரு சமயத்தைத் தழுவினோர் தம் இனத்தையும் மொழியையும் துறத்தல் வேண்டுமோ என்னும் வினா பல நாடுகளில் எழுந்துள்ளது. தம் வாழ்வையே அதற்கு விடையாக வைத்துச் சென்ற ஆபிரிக்கப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சாமுவேல் அஜயி குரௌதர் ஏறத்தாழ 1809ஆம் ஆண்டில் யோருபா நாட்டின் ஓசோகுன் என்னும் ஊரிற் பிறந்தார். 1821இல் அடிமை பிடிப்போர் அவ்வூரைச் சூறையாடித் தாயையும் மக்களையும் சிறைகொண்டு பிரித்தனர். சிறுவர் அஜயி கைக்குக் கை மாறினார். ஒருமுறை குதிரையொன்றிற்கு ஈடாகவும் கொடுக்கப்பட்டார். 1822இல் அவரை ஏற்றிச் சென்ற போர்த்துக்கேயக் கப்பலை ஆங்கிலப் போர்க்கப்பல் மறித்து, அடிமைகளை மீட்டுச் சியரா லியோனிற் சேர்த்தது. அவர் ஆண்டுக் கல்வி கற்று, 1825இல் ஞானஸ்நானமும் 1843இல் இலண்டனிற் குருப்பட்டமும் பெற்றார்.

பெயரும் உடையும் ஆங்கிலமாயினும் தாய்மொழியை அவர் மறந்திலர். 1843இல் யோருபாச் சொல்லகராதி இயற்றினார். பின்னர் அதனை விரித்து அம்மக்களின் பழமொழிகளையும் சேர்த்தார். 1844இல் பிரீடவுன் நகரில் யோருபா மொழியிலேயே வழிபாடு நடத்தினார். விவிலியத்தை அம்மொழியிற் பெயர்க்கும் பெரும்பணிக்கும் தலைநின்றார். 1846இல், பிரிந்து இருபத்தைந்து ஆண்டு கழித்து, அபெயோகுட்டா நகரில் அன்னையைக் கண்டார். இருவரும் நெடுநேரம் பேச்சற்று ஒருவரையொருவர் நோக்கி நின்றனர். பின்னர் அவ்வன்னையாரும் மகன் தழுவிய சமயத்தையே தழுவினார்.

1864இல் கான்டர்பரிப் பேராலயத்தில் அவர் அத்தியட்சராக அபிடேகம் பெற்றார். ஆங்கிலத் திருச்சபையில் அப்பதவி எய்திய முதல் ஆபிரிக்கர் அவரே. முன்னர் அவரை மீட்ட கப்பலின் தலைவரும் அவ்வவையில் வீற்றிருந்தார். எனினும், கருநிறத்தவர்க்குக் கீழ்ப்படிய வெள்ளையரான மிஷனரிமார் சிலர் உடன்படாமையால், அவர் பிறந்த யோருபா நாட்டின் பெருநகரங்கள் அவர் ஆளுகைக்குப் புறம்பாயின. நைஜர் ஆற்றுப் பகுதியே அவர்க்குக் கிடைத்தது.

அவர்க்கு அரணாயிருந்த சர்ச்சு மிஷன் சங்கச் செயலர் ஹென்றி வென் 1873இல் மறைந்தார். 1890இல் இங்கிலாந்தினின்றும் வந்த இளைஞர் சிலர், ஊழியரிடைக் கண்ட சில குறைகளைக் காட்டி, முதுமையுற்ற அத்தியட்சரை மதியாது அவர்தம் குருமாரை விலக்கினர். ஊழியருட் சிலர்பாற் குற்றம் இருந்ததும் உண்மையே. ஆயினும் ஒருவர் குற்றத்தை இனத்தின் குற்றமாக்குதல் எங்ஙனம் நீதியாகும்? மனம் நொந்த பெரியார் 1891 டிசம்பர் 31இல் உயிர்நீத்தார். அவர் இருக்கையில் ஐரோப்பியரே அமர்த்தப்பட்டார். 2014இல் கான்டர்பரித் தலைமைப் பேராயர் இவ்வநீதிக்காக மன்னிப்பு வேண்டினர். அதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் சென்றது.

அன்பர்காள்! எல்லாரும் ஓரிறைவன் மக்கள் என்று ஓதுதல் எளிது. அவருள் ஒருவரைத் தம் தலைவராக ஏற்றலே அரிது. குரௌதர் தம் இனத்தைக் குறித்தும் நாணிலர். தம் சமயத்தையும் கைவிட்டிலர். இவ்வரலாற்றை நம் இல்லங்களில் இளைஞர்க்கு எடுத்துரைப்போமாக.