பசிப்பிணி தீர்த்த வள்ளல்

வள்ளலார் என்றதும் உங்களுக்கு வடலூரும் தைப்பூச ஜோதி தரிசனமும்தானே நினைவுக்கு வரும்? அந்த மகானின் இன்னொரு முகத்தையும் பாருங்கள்.

1823-ல் சிதம்பரம் அருகே மருதூரில் அவதரித்த ராமலிங்கர், சென்னையில் வளர்ந்து, கந்தகோட்டத்து முருகனைப் பாடிய பிள்ளை. பின்னாளில் தென்னாற்காட்டுக்கே திரும்பிக் கருங்குழியில் தங்கினார். (கள்ளக்குறிச்சியும் அப்போது அதே மாவட்டம்தான்; தனி மாவட்டமானது 2019-ல்.)

பஞ்சம் வாட்டிய காலம் அது. பட்டினி கிடக்கும் உடம்பில்தான் நோய் முதலில் குடியேறும் என்பது, வீட்டில் சமைத்துப் போடும் உங்களுக்குத் தெரியாததா? வள்ளலார் பசியையே பெரும் பிணியாகக் கண்டார். பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலத்தை மனமுவந்து கொடுக்க, 1867 மே 23 அன்று தருமச்சாலை அடுப்பை மூட்டினார். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் சோறு! அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

அவருடைய திட்டத்தில் வைத்தியசாலையும் இருந்தது என்பதை ஏனோ பலரும் சொல்வதில்லை. அன்பர்களுக்கு அவர் வகுத்த நித்திய விதிகளில் தியானத்தோடு வெந்நீர் குடிப்பது, பகல் தூக்கத்தைத் தவிர்ப்பது, கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் சேர்த்துக்கொள்வது எல்லாம் உண்டு. டாக்டர் சொன்னால் தட்டிக்கழிப்பவர்கள்கூட குரு சொன்னால் கேட்பார்கள் அல்லவா!

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்து அன்பர்கள் விருத்தாசலம், நெய்வேலி வழியாக வடலூர் போகலாம். மாதப் பூசத்திலும் ஜோதி தரிசனம் உண்டு. தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முடிந்தால் ஒரு படி அரிசியும் கொண்டு போங்கள்.